ஆக்சிமீட்டர் 85-இல் நிற்கிறது: காலை வரை காத்திருக்க வேண்டாம்

பாப்பர்ஸ் (போதைக்காக முகரப்படும் நைட்ரைட்) திரவத்தை நண்பர் விழுங்கிவிட்டார், உதடு நீலம் பாரித்திருக்கிறது, ஆக்சிமீட்டர் 85-ஐ விட்டு நகரவில்லை, விடியும்வரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஆம்புலன்சை உடனே அழையுங்கள். பாப்பர்ஸில் உள்ள நைட்ரைட், ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜனேற்றி அதை மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடுவதால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. முகர்வதைவிட விழுங்குவது மிக ஆபத்தானது. விரல்நுனிக் கருவி இங்கே நம்பத்தக்கதன்று. நிலை மோசமானாலும் அது 85-ஐ ஒட்டியே நின்றுவிடக்கூடும். ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்து, காற்றுப் பட்டும் சிவக்காவிட்டால், மருத்துவருக்கு அதுவே துப்பு. வாந்தியெடுக்க வைக்காதீர்கள். விழுங்கியதை மறைக்காமல் சொல்லி (பயத்தில் பலரும் மறைப்பது இதைத்தான்), குப்பியையும் கொண்டுபோங்கள். மாற்றுமருந்து மெத்திலீன் புளூ. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், நண்பருக்கு அக்குறை உண்டெனத் தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.