பழைய வெண்கலக் காசு. ஒரு பக்கம் ஓநாய், ராஜா பெயரைக் காணோம். இது என்ன காசு?

ராஜா பெயரைத் தேடாதீர்கள், இந்தக் காசில் அது கிடையாது. இது பழைய ரோமானியக் காசு. முன்பக்கம் தலைக்கவசம் போட்டிருக்கும் முகம், ரோம் நகரத்தையே ஒரு பெண்ணாக உருவகித்தது. சுற்றிலும் ‘அர்ப்ஸ் ரோமா’, அதாவது ரோம் நகரம், என்று இருக்கும். அர்ப்ஸின் முதல் எழுத்தான ‘யு’, ‘வி’ போலத் தெரியும், குழம்ப வேண்டாம். பின்பக்கம், ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டையர் ரோமுலசுக்கும் ரேமுசுக்கும் பால் கொடுக்கும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரம்.

கி.பி. 330 மே 11 அன்று ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) திறந்து வைத்தார். அதையொட்டிப் பழைய தலைநகருக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று ஜோடியாக வந்த நினைவுக் காசுகள் இவை. ஜோடியில் மற்றதில் ‘கான்ஸ்டான்டினோபோலிஸ்’ என்றிருக்கும். பின்னால் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. அதன் முன்பக்கத்தில் நகரத்தை உருவகிக்கும் பெண் முகத்தைக் கான்ஸ்டன்டைன் என்றே சொல்லி விற்பவர்கள் உண்டு.

சரி, எந்த ஊர்க் காசு? ஓநாயின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே நாலைந்து எழுத்து. விஷயமே அங்கேதான் இருக்கிறது. ‘டி.ஆர்.பி.’ என்றால் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் காசு அடித்த முதல் பட்டறை. ‘பி.எல்.ஜி.’ என்றால் பிரான்ஸின் லியோன். ‘கான்ஸ்’ என்று தொடங்கினால் கான்ஸ்டான்டினோபிள். ஆனால் ‘பி கான்ஸ்ட்’ என்றிருந்தால் அது பிரான்ஸின் ஆர்ல். அந்த ஊருக்கும் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

எடையும் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் அடித்தவை சுமார் 2.5 கிராம், 336 வாக்கிலிருந்து 1.5 கிராமை ஒட்டி இறங்கிவிட்டன. காசு பொடிசாக, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்திலேயே கள்ளத்தனமாக அடித்த நகல்கள் ஏராளம், அவற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். என் முதல் ஓநாய்க் காசைப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்போடு கோட்டுக்குக் கீழே இருந்த எழுத்தும் போய்விட்டது. காசு பளபளவென்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த ஊர் ஓநாய் என்றுதான் தெரியவில்லை.