இலை கொட்டும்போதே வேனில் வந்தாச்சு: வாசகர் கேள்வி பதில்

வாசலில் நிற்கும் வேப்பமரம் மாசி பிறந்ததிலிருந்து மஞ்சளாகி இலை கொட்டுகிறது. பட்டுப்போகிறதா? வெட்டிவிடச் சொல்கிறார்கள்.
வாசகி, சத்துவாச்சாரி

வெட்ட வேண்டாம். வேம்பு, புங்கை, அரசு மூன்றும் நம் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் பழைய இலையைக் கழித்துவிட்டுத் துளிர்க்கும். வேலூரில் வேனில் தொடங்குவது பூவில் அல்ல, குப்பை கூட்டும் துடைப்பத்தில்தான். மழையே இல்லாத மாதத்தில் துளிர் எப்படி என்றால், முற்றிய இலைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அவை உதிர்ந்ததும் வேரும் தண்டும் வைத்திருக்கும் நீர் துளிருக்குப் போதுமானதாகிறது. துளிர் செம்பு நிறத்தில் இருப்பதும் நோயல்ல. பச்சையம் ஊறும்வரை அந்தச் செந்நிறமி கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காக்கிறது.

சந்தேகம் இருந்தால் விரல் தடிமன் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிருள்ள கிளை. நுனிக்கருகல் நோய் வேறு மாதிரி இருக்கும்: இலை மஞ்சளாகி உதிராது, பழுப்பாகக் காய்ந்து கிளையிலேயே தொங்கும், கருகல் நுனியிலிருந்து உள்நோக்கி இறங்கும். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும்தான் அது அதிகம் தெரியும். துளிர்த்த கையோடு பூ வரும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டுமானால் இரவே அடியில் பழைய வேட்டி விரித்துவிடுங்கள். காலையில் அள்ளி நிழலில் உலர்த்தலாம்.

அமிர்தி போகும் வழியில் இலையே இல்லாமல் செக்கச்செவேல் என்று பூத்திருந்த மரம் எது?
வாசகர், கணியம்பாடி

மூன்றில் ஒன்றாக இருக்கும். பூவைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்வது தவறாகிவிடும். கிளிமூக்கு மாதிரி வளைந்த ஆரஞ்சுச் சிவப்புப் பூ, மொட்டின் புறவிதழ் கருமையாக வெல்வெட் போல இருந்தால் புரசு. சாப்பாட்டு இலை தைக்கிறார்களே, அதே மரம். அடிமரம் கோணலாக இருக்கும், கிளையில் முள் இருக்காது. முள்ளோடு கருஞ்சிவப்புப் பூங்கொத்து என்றால் கல்யாண முருங்கை. உள்ளங்கை அளவில், தடித்த ஐந்து இதழோடு கிண்ணம் போல விழுந்து கிடந்தால் செவ்விலவு. பலரும் சட்டென்று மயில்கொன்றை என்பார்கள். அது பூப்பது பெரும்பாலும் கத்திரி வெயிலில்.

புரசு பூத்த மரத்தடியில் காலை கால் மணி நேரம் நின்றாலே மைனா, கரிச்சான், தேன்சிட்டு என்று வந்துகொண்டே இருக்கும். சாலையோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுத்தீக் காலம் இது; வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது.

விடியுமுன் குயில் கத்துகிறது, போய்ப் பார்த்தால் புள்ளி போட்ட பழுப்புப் பறவை. குயில் கறுப்புதானே?
மாணவி, காட்பாடி

கறுப்பு ஆண், புள்ளி போட்டது பெண். கூவுவது ஆண், பெண் ‘கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும். குயில் எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை, ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது; இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது குரல்தான் கூடுகிறது. அதே நேரத்தில் குச்சி தூக்கிப்போகும் காகத்தையும் கவனியுங்கள். குயில் முட்டையிடுவது அந்தக் கூட்டில்.

பள்ளிப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை நடக்கிறோம். என்ன குறிக்கச் சொல்லலாம்?
ஆசிரியர், குடியாத்தம்

ஊரையே குறிக்க வேண்டாம், ஒரு மரம் போதும். வாரா வாரம் அதே மரம், அதே நாள். முற்றிய இலை, துளிர், மொட்டு, மலர்ந்த பூ, காய் என ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று மட்டும் எழுதட்டும். மரத்தின் தலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் கொஞ்சம். மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே நாடு முழுக்கக் குறித்துவைக்கும் சீசன்வாட்ச் திட்டத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் பதிகிறார்கள்.

கெட்டுப்போவது மரத்தேர்வில்தான். மின்கம்பிக்குக் கீழே கழித்துவிட்ட மரம் எந்த மாதத்திலும் துளிர்க்கும். வெட்டியதற்குத் துளிர்க்கிறதே தவிர பருவத்துக்கு அல்ல. தினம் தண்ணீர் பாயும் தோட்ட மரத்தின் கணக்கும் மாறிவிடும். தானாக நிற்கும் புங்கையோ அரசோ எடுங்கள். ஒன்றும் மாறாத வாரத்திலும் ‘இல்லை’ என்று எழுத வையுங்கள்; கட்டத்தைக் காலியாக விட்டால், பூக்கவில்லையா, பார்க்கவே போகவில்லையா என்று பிறகு தெரியாது. காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள்.