ஏர் ஃப்ரையரில் சிக்கன் விங்ஸ் (கோழி இறக்கை) தொளதொளன்னு வருது, மசாலா மட்டும் கருகுது: பதில்

அண்ணாச்சி, தயிரும் மிளகாய்த்தூளும் பிசறி, அரைக்கிலோவையும் ஒரே தடவையா கூடையில போட்டு 200 டிகிரியில 25 நிமிஷம் வச்சதா எழுதியிருக்கீங்க. தயிரோட ஈரம் தோலை வேக வச்சிருது, முறுக விடாது. மிளகாய்த்தூள் அவ்வளவு நேரம் அந்தச் சூட்டைத் தாங்காது.

முதல்ல கறிக்கடையில தோலோட கேட்டு வாங்குங்க. நம்ம பக்கம் கேக்காமலே உரிச்சிருவாங்க. மொறுமொறுப்பே அந்தத் தோல்லதான் இருக்கு. கழுவி, துணியால ஒத்தி எடுத்து, அரைக்கிலோவுக்கு ஒண்ணரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் உப்பு தடவுங்க. சமையல் சோடா வேண்டாம், சவக்காரம் மாதிரி கசக்கும். மூடாம ஃபிரிட்ஜில 4 மணி நேரம், முடிஞ்சா ராத்திரி முழுக்க, கீழ்த்தட்டுல வைங்க. தோல் காயணும், இதுதான் முக்கியம்.

துண்டு மேல துண்டு ஏறாம அடுக்கி, 180 டிகிரியில 20 நிமிஷம், பாதியில திருப்பிப் போடுங்க. அப்புறம் 200 டிகிரியில 5 முதல் 8 நிமிஷம். இடமில்லன்னா ரெண்டு ஈடா போடுங்க. கொழுப்பு சொட்டிப் புகைஞ்சா அடித்தட்டுல ரெண்டு ஸ்பூன் தண்ணி விடுங்க.

மசாலா கடைசியிலதான். ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய்ல தட்டின பூண்டு நாலு பல், கறிவேப்பிலை பொரிச்சு, அடுப்பை அணைச்சிட்டு, இடிச்ச மிளகு ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் போட்டு, சூடான விங்ஸைப் புரட்டுங்க. கறிவேப்பிலையைக் கூடையில போடாதீங்க, காத்துல பறந்து கம்பிச்சுருள்ல ஒட்டிக் கருகும்.

தோல் உரிச்ச கறிதான் கிடைச்சதுன்னா பேக்கிங் பவுடரை விட்டுட்டு, ரெண்டு டேபிள்ஸ்பூன் பச்சரிசி மாவும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் பிசறுங்க. சுமாரா முறுகும், தோல் அளவுக்கு வராது.