சீமை நாட்டுப்பாட்டு

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி டாலி பார்ட்டன் 77 வயதில் ‘ராக்ஸ்டார்’ என்று முழுக்க ராக் பாட்டாக ஒரு ஆல்பம் போட்டிருக்கிறாரே! அந்த நீள நகமும் பொய்முடியுமாக… நாட்டுப்புறத்தை விட்டுவிட்டு இந்த வயதில் இந்த ஆட்டம் தேவையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தேவையா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கையில் வைத்திருக்கும் அந்த ‘நாட்டுப்புற’த்தைக் கீழே இறக்கி வையுங்கள்.

‘கன்ட்ரி மியூசிக்’கை எந்தப் புண்ணியவான் ‘நாட்டுப்புற இசை’ ஆக்கினாரோ, அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. தமிழில் ‘நாட்டு’ என்று முன்னால் சேர்த்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டுத் தக்காளி, நாட்டு மருந்துக் கடை. கம்பெனிக்காரன் கை படாதது, இன்னார் செய்தது என்று பேர் இல்லாதது. இதற்கு எதிர்க்கட்சி ‘சீமை’. சீமையெண்ணெய், சீமை ஓடு, சீமைக் கருவேலம் என்று, வெளியிலிருந்து வந்து இறங்கியதெல்லாம் சீமை. இந்தக் கணக்குப்படி டாலி பார்ட்டன் பாடுவது சீமை நாட்டுப்பாட்டு. ‘இங்கு சீமை நாட்டுக்கோழி கிடைக்கும்’ என்று ஒரு கடையில் போர்டு தொங்கினால் வாங்குவீர்களா? எடை போடுவதற்கு முன்பே சண்டை வந்துவிடும்.

கன்ட்ரி பிறக்கும்போதே பிராய்லர்தான். 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர், டென்னசியும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் பிரிஸ்டல் ஊரில் ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுச் சாமான்களை இறக்கினார். பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. கன்ட்ரியின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் தட்டில் ஏறியது அங்கேதான். பாட வந்தவர்களிடம் பியர் தேடியது பழமையை அல்ல. பதிப்புரிமை பதிவு செய்யத் தோதான பாட்டை. பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் பெயர் வேண்டும், ராயல்டி ஓட வேண்டும், அதில் பியருக்கும் பங்கு வர வேண்டும். நடவுப் பாட்டுக்கு யாராவது ராயல்டி வாங்கியிருக்கிறார்களா?

மொழிபெயர்ப்பாளர்கள் தரப்பில் ஒரு சாட்சி உண்டு, மறைக்கவில்லை. ‘பில்போர்ட்’ பத்திரிகையே 1944-ல் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் பெட்டி) பட்டியலில் இந்தப் பாட்டுகளை ‘ஃபோக்’, அதாவது நாட்டுப்புறம், என்றுதான் போட்டது. 1949-ல் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மாற்றிக்கொண்டது. அவர்கள் ஐந்து வருடத்தில் திருந்திவிட்டார்கள். நாம்தான் இன்னும் ‘நாட்டுப்புற’த்தில் நின்றுகொண்டிருக்கிறோம். ‘கன்ட்ரி’ என்றே எழுதுங்கள் ஐயா. பஸ்ஸை விழுங்கிய தமிழ் இதையும் விழுங்கிக்கொள்ளும்.

டாலி பார்ட்டனின் பெருமையே பாட்டுக்கு அவர் சொந்தக்காரர் என்பதுதான். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ அவர் எழுதிய பாட்டு. 1974-ல் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் கர்னல் பார்க்கர், பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் ஆச்சு என்றார். டாலி மாட்டேன் என்றுவிட்டார். எல்விஸ் கடைசிவரை அதைப் பதிவு செய்யவில்லை. 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி, அது 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்தது. கர்னல் கேட்ட அந்தப் பாதியின் விலையை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நகம் என்று ஏளனமாக ஒரு வார்த்தை விட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஆல்பத்தைவிட அந்த நகம் எனக்கு முக்கியம்.

நீள நகத்தோடு கிடார் வாசிக்க முடியாது என்பவர்கள் கம்பிகளுக்குச் சுருதி வைக்கும் வழக்கமான ட்யூனிங்கை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதில் இடது கை விரல் கம்பி மேல் செங்குத்தாக இறங்க வேண்டும். நகம் அரை சென்டிமீட்டர் நீண்டிருந்தால் சதைக்கு முன்னால் நகம் போய்ப் பலகையில் முட்டும். கம்பி பாதிதான் அமுங்கும், ‘டொர்ர்’ என்று அதிரும்; விரலைச் சாய்த்தால் பக்கத்துக் கம்பி ஊமையாகும். இதற்குத்தான் ஓப்பன் ட்யூனிங். டாலியின் வழியும் அதுதான்.

தடித்த கம்பியிலிருந்து ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ என்று இருக்கும் ஆறில் மூன்றை மட்டும் தொடுங்கள். தடித்த ஈ-யை டி-க்கு இறக்குங்கள், ஏ-யை ஜி-க்கு, மெல்லிய ஈ-யையும் டி-க்கு. ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரெட் (கிடார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கட்டை) அளவு. இப்போது எதையும் அமுக்காமல் ஆறையும் மீட்டினால் ஜி மேஜர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஐந்தாம் ஃப்ரெட்டை மறித்தால் சி. ஏழாம் ஃப்ரெட்டில் டி. மூன்று கார்டு வந்துவிட்டது, கன்ட்ரியில் பாதிப் பாட்டு வந்துவிட்டது. விரல் படுத்திருப்பதால் நகம் கிடாரின் கழுத்துக்கு வெளியே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், திண்ணையில் காலை நீட்டிய மாமனார் மாதிரி கிடக்கும்.

கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே யாராவது பார்லருக்குப் போய் நகம் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். தளர்த்திய கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் இடிக்கும். 12-ஆம் நம்பர் தடிமனில் தொடங்கும் கம்பி செட்டைக் கழற்றிவிட்டு, இன்னும் தடித்த 13-ல் தொடங்குவதைப் போட வேண்டும். கம்பியை இறக்கிய சூட்டோடு பாடத் தொடங்கினால் முதல் சரணத்துக்குள் சுருதி நழுவும். கம்பியை விரலால் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்புறம், ஒற்றை விரலால் மறித்தால் எங்கே வைத்தாலும் மேஜர்தான் வரும். சோகம் தொனிக்கும் மைனர் வேண்டுமென்றால் பி கம்பியை அரை டோன் இறக்க வேண்டும்; இறக்கினால் எல்லாமே மைனராகிவிடும். கல்யாண வீட்டில் ஒப்பாரி.

நகத்துக்கு வேறு உத்தியோகமும் உண்டு. 1980-ல் ‘நைன் டு ஃபைவ்’ படத்தின் தளத்தில் டாலி தன் அக்ரிலிக் நகங்களை ஒன்றோடொன்று உரசினார். டைப்ரைட்டர் சத்தம் வந்தது. அதுவே பாட்டுக்குத் தாளம். ஆல்பத்தின் பின்னட்டையில் வாத்தியக்காரர்கள் வரிசையில் ‘நகங்கள்: டாலி’ என்று அச்சடித்தார்கள். இயற்கை நகம் இதற்கு ஆகாது. வளையும், சத்தம் மொத்தையாக இருக்கும். அக்ரிலிக்தான் காய்ந்த சத்தம் கொடுக்கும். மைக் ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் சத்தம் போய் வளைகாப்பு ஆகிவிடும்.

சரி, ஆல்பம். 2022-ல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் பெயர் வந்தபோது, அதற்கான தகுதியை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை என்று விலகப் பார்த்தவர் டாலி. விடாமல் சேர்த்துக்கொண்டார்கள். வாங்கின மரியாதைக்குக் கணக்குத் தீர்க்கப் போட்டதுதான் இது. 2023 நவம்பர் 17-ல் வெளியாகி, பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இறங்கியது. அவருடைய ஆல்பம் எதுவும் அதற்கு முன் அந்த உயரம் போனதில்லை. ஆக, ஊருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

என் புகார் வேறு. மொத்தம் 30 பாட்டு, இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் பள்ளங்கள் நெருங்கும், சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டிவரும். ஆகவே இது நான்கு தட்டு ஆகிறது. ‘முழுத் தொகுப்பு’ என்று 1,200 பக்கத்தைத் தையல் போடாமல் வெறும் கோந்தில் ஒட்டி விற்கும் நம் பதிப்பாளர்கள் ஞாபகம் வருகிறது. இரண்டாம் முறை பிரித்தால் முதுகு பிளக்கும். பிரித்துப் படிப்பவர் இருந்தால்தானே என்கிறார்கள்.

அந்த முப்பதில் 21 மற்றவர்கள் பாடிப் பேர் வாங்கிவிட்ட பாட்டுகள். மிச்சம் ஒன்பதிலும் ஒன்று அவரே 1971-ல் பாடியது. பதிப்புரிமையில் பாதி கேட்ட கர்னலையே திருப்பி அனுப்பிய பேனா இரவல் வீட்டில் குடியிருக்கிறது.

இரவல் வீட்டில் வாசல் உயரமும் இரவல்தான். ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டில் அவரோடு சேர்ந்து கேட்பது, அதை முதலில் பாடிய லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் பாடகர் ரானி வான் ஸான்டின் குரல். அவர் 1977-லேயே விமான விபத்தில் போய்விட்டவர். இறந்தவரிடம் சுருதி மாற்றச் சொல்ல முடியுமா? உயிரோடு இருக்கும் இருவர் பாடினால், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கீ (ஆதார சுருதி) பார்த்து ஒத்துப்போவார்கள், இல்லையென்றால் இரண்டாம் சரணத்தில் கீயைத் தூக்குவார்கள். பழைய குரல் என்றால் அது இருக்கும் இடத்துக்குப் பெண்தான் போக வேண்டும். வேகமும் அப்படியே. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘கிளிக்’ சத்தத்தைக் காதில் வைக்காமல் பாடிய காலத்துக் குரல் ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் நடக்கும். அடிக்கு அடி அளந்து வரைபடம் போட்டுத்தான் புது வாத்தியங்களை உட்கார வைக்க முடியும். ஒரு இடம் தப்பினால் டிரம்ஸ் தனியாக ஊர்வலம் போகும்.

டாலியுடையது மெல்லிய, உயர்ந்த, கிடுகிடுவென்று அதிரும் குரல். சொல் தெளிவாகக் காதில் விழும் இடம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ். கரகரக்கும்படி டிஸ்டார்ஷன் போட்ட கிடாரும் அதே பெஞ்சில்தான் உட்காரும். கிடாரில் அந்த இடத்தை மூன்று நான்கு டெசிபல் குறைத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும். அதற்கும் மேல் வெட்டினால் கிடார் போர்வைக்குள்ளிருந்து கேட்கும். வெட்ட மனமில்லாமல் குரலை மட்டும் ஏற்றினால் கரோக்கி. இந்த ஆல்பத்தில் பல இடங்களில் மூன்றாவதுதான் நடந்திருக்கிறது. ‘லெட் இட் பி’ தப்பியது. அங்கே பியானோ ஒதுங்கி வழிவிடுகிறது.

குரலில் சந்தேகம் உள்ளவர்கள் 1973-ல் வந்த அவருடைய ‘ஜோலீன்’ சிங்கிள் தட்டை நிமிடத்துக்கு 45 சுற்றுக்குப் பதில் 33 சுற்று வேகத்தில் ஓடவிடுங்கள். 2 நிமிடம் 41 விநாடிப் பாட்டு 3 நிமிடம் 37 விநாடியாக நீளும். சுருதி சுமார் இரண்டரை டோன் இறங்கி, யாரோ ஒரு ஆண் நடுராத்திரியில் பாடுவது போல் இருக்கும். இவ்வளவு மெதுவாக்கினால் பொதுவாகக் குரலின் ஓட்டைகள் பல்லைக் காட்டும். இதில் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, வயது. இன்னொரு கன்ட்ரிப் பாடகி லொரெட்டா லின் 1932-ல் கென்டக்கியில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். 2004-ல் ‘வேன் லியர் ரோஸ்’ ஆல்பம் வந்தபோது அவருக்கு 72. தயாரித்தது ஜாக் ஒயிட், முழு ராக்காரர், அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் பதின்மூன்று பாட்டிலும் லொரெட்டாவின் பேனா இருந்தது. ராக்காரனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தன் அடுப்பில் சமைக்க வைத்தார். ஐம்பதாவது ஆல்பத்தை 2021-ல், 88 வயதில் போட்டார். திண்டுக்கல்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வயது அல்ல, வீடு யாருடையது என்பதுதான்.

‘வேன் லியர் ரோஸ்’ இரண்டு கிராமி விருது வாங்கியது. மேலே நான் எழுதிய ‘கன்ட்ரி’யை எல்லாம் ‘நாட்டுப்புறம்’ என்று திருத்தக் காத்திருக்கும் எங்கள் பிழைதிருத்துபவருக்கு: அது கிராமி. கிராமிய விருது அல்ல.