சைலன்சர் முதல் கூலிங் ஃபிலிம் வரை: வண்டியில் எதை மாற்றலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே ஆதங்கத்தில் முடிகின்றன: "கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, போட்டுக்கொண்டு போனால் மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்?" கடையில் கிடைப்பதெல்லாம் சாலையில் ஓட்ட ஏற்றது என்று பொருளில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருப்பதற்கும் பொருந்தாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அனுமதி கொடுப்பதும் அபராதம் போடுவதும் அந்தந்த மாநிலத்தின் ஆர்.டி.ஓ. அலுவலகமும் காவல்துறையும்.

மகன் தன் 350 சிசி பைக்குக்கு வேறு சைலன்சர் மாட்டியிருக்கிறான். "டிபி கில்லர் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்கிறான். சரியா? (கோவை)

சரியில்லை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதிக்கப்பட்ட ஒலி 80 டெசிபல். உங்கள் மகன் சொல்லும் டிபி கில்லர், சத்தத்தைக் குறைக்க சைலன்சரின் வாயில் ஒரே ஒரு திருகில் நிற்கும் சின்னக் குழாய். ஆலன் கீ இருந்தால் சில நிமிடங்களில் கையோடு வந்துவிடும். அதனால் அது மாட்டியிருப்பதை மட்டும் வைத்து எந்த அதிகாரியும் விட்டுவிட மாட்டார்.

சத்தம் பாதிப் பிரச்சினைதான். பி.எஸ். 6 என்ற புகை மாசுத் தரத்தில் வந்த பைக்கின் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரும், எஞ்சினுக்குத் தகவல் அனுப்பும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கின்றன. வெளியில் வாங்கும் முழு சைலன்சர் செட்டைப் போடும்போது பெரும்பாலும் கன்வர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். அப்போது சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தரங்களை மீறியதாக 190(2) பிரிவும் வருகிறது: முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. இது தவிர, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) சொல்கிறது. "ஒவ்வொன்றுக்கும்" என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிற தெருவில் நள்ளிரவில் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்பதையும் அவன் யோசிக்க வேண்டும்.

காரில் கூலிங் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே? (மதுரை)

பாதி உண்மை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பிறகு மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 100 திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கு 2021 ஏப்ரல் முதல் இடம் கிடைத்தது. அதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விதிப்படியான ஒளி ஊடுருவல் இருந்தால் ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்றது. அது வேறு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. நம் ஊர்ச் சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

அளவு இதுதான்: முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பக்கவாட்டில் 50. பலர் தவறுவது கணக்கில். "70 சதவீத ஃபிலிம்" என்று கடைக்காரர் தருவது ஃபிலிமின் அளவு மட்டும். கண்ணாடியே ஓரளவு வெளிச்சத்தைத் தடுத்துவிடும். உங்கள் கண்ணாடி 75 சதவீதம் விடுவதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 52 சதவீதம்தான் வரும். பக்கக் கண்ணாடிக்கு மயிரிழையில் தப்பலாம், முன் கண்ணாடிக்குத் தேறவே தேறாது. வெயிலுக்காக மட்டும் என்றால் நிழலில் நிறுத்துங்கள், நிற்கும்போது மடக்குத் திரை வையுங்கள்.

காருக்கு முன்னால் இரும்பு கார்டு போட்டால் மோதினாலும் வண்டிக்கு அடிபடாது அல்லவா? (சேலம்)

வண்டி தப்பலாம், உள்ளே இருப்பவர் தப்புவாரா என்பதுதான் கேள்வி. மோதலின்போது காரின் முன்பகுதி கசங்கி விசையை உள்வாங்கும்படி செய்திருக்கிறார்கள். நேரடியாக வண்டியின் அடிச்சட்டகத்தில் (சேசிஸ்) போல்ட் போட்ட கார்டு அந்த விசையைக் கசங்க விடாமல் உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் அது குழப்பலாம். எதிரில் நடந்து வருபவருக்கோ அது நேராக இரும்பு அடி. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றைத் தடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கழற்றிவிடுங்கள்.

நிறம் மாற்ற அனுமதி வேண்டுமா? (திருச்சி)

வேண்டும். நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம். முதலில் விண்ணப்பித்து, மாற்றிய பிறகு வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். வண்டி முழுக்க வினைல் ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதே வழிதான் பாதுகாப்பு. ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சை மட்டும் வேண்டாம், அது பாதுகாப்புத் துறைக்கானது.

பெட்ரோல் காரில் சி.என்.ஜி. கிட் போடலாமா? (ஓசூர்)

போடலாம். பி.எஸ். 6 பெட்ரோல் வண்டிகளுக்கும் 2022 ஆகஸ்ட் முதல் வழி இருக்கிறது, மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டா, பொருத்துபவர் அங்கீகாரம் பெற்றவரா என்று இரண்டையும் தாளில் பாருங்கள். ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் தீ விபத்தில் உங்கள் வண்டிக்கான இழப்பீடே சிக்கலாகும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம்.

தம்பிக்கு போலியோவால் வலது கால் இயங்காது. கையால் பிரேக், ஆக்சிலரேட்டர் இயக்கும்படி காரை மாற்றித் தர நினைக்கிறோம். சட்டம் தடுக்குமா? (திருநெல்வேலி)

தடுக்காது. தயங்காமல் செய்யுங்கள். ஊனமுற்றவரின் பயன்பாட்டுக்காக மாற்றியமைக்கப்படும் வண்டியை 2019 திருத்தம் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் மாநில அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை வழங்குகிறது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு அனுமதி வாங்குங்கள், பிறகு கிட் பொருத்துங்கள், அப்புறம் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் பதியச் சொல்லுங்கள். தம்பியின் லைசென்ஸிலும் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற வகை இருக்க வேண்டும். பொருத்தும்போது தம்பியைக் கூடவே உட்கார வையுங்கள். கைப்பிடியின் உயரமும் தூரமும் அவருடைய தோளுக்கும் முழங்கைக்கும் ஏற்றபடி அமைய வேண்டும், பிரேக்கை முழுதாக அழுத்தும் வலு அந்தக் கோணத்தில் கிடைக்கிறதா என்று அங்கேயே சோதிக்க வேண்டும். ஏற்கெனவே கிட் போட்டு ஓட்டும் ஒருவரின் வண்டியை முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது.