விக்கியில் கையொப்பம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தமிழ் விக்கிப்பீடியாவில் கடலூர்ப் பக்கத்து ஊர்கள், ஏரிகள் பற்றி எழுதி வருகிறேன். கணக்கை ஆங்கில எழுத்தில் தொடங்கிவிட்டேன். கட்டுரைகளைப் பற்றி உரையாடும் பேச்சுப் பக்கங்களில் ‘கெடிலக்கரை’ என்று அரக்கு நிறத்தில் கையொப்பம் வரவேண்டும் என்று விருப்பத்தேர்வுகளில் நிரலை ஒட்டினேன். சதுர அடைப்புகள் அப்படியே எழுத்தாக வந்து நிற்கின்றன. விட்டுப்போன கையொப்பத்தைப் பிறகு சேர்த்தும், நான் பெயர் சொல்லி விளித்த (அவர் பயனர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த) பயனருக்கு அறிவிப்பு போகவில்லை. எங்கே பிழை?

ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் சிக்கலுக்குக் காரணம் ஒரு டிக். கையொப்பப் பெட்டிக்கு அருகிலேயே, அதை விக்கி உரையாகக் கொள்ளச் சொல்லும் தேர்வுப்பெட்டி இருக்கிறது. அதில் டிக் இல்லாதவரை, நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் மென்பொருள் வெறும் பெயராகவே எடுத்துக்கொள்ளும். பயனர் பக்க இணைப்பைத் தானே கொடுக்கும். பெயர் மட்டும் மாறினால் போதுமென்றால் டிக் செய்யாமல் ‘கெடிலக்கரை’ என்று எழுதிச் சேமித்தாலே வேலை முடிந்தது. நிறம் வேண்டுமென்றால் டிக் செய்துவிட்டு, முழு வடிவத்தையும் நீங்களே எழுத வேண்டும்:

[[பயனர்:கணக்குப்பெயர்|கெடிலக்கரை]] ([[பயனர் பேச்சு:கணக்குப்பெயர்|பேச்சு]])

நடுக்கோட்டுக்கு (|) இடப்பக்கம் கணக்குப்பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். நிறத்துக்கான ஸ்பான் (<span>) குறி நடுக்கோட்டுக்கு வலப்பக்கம், பெயரைச் சுற்றி மட்டும் வரட்டும். இணைப்புக்கு வெளியே போட்டால் இணைப்பின் நீலமே மேலோங்கிவிடும். பழைய ஃபான்ட் (<font>) குறியைத் தொடாதீர்கள், அது காலாவதியானது. மூடாத குறி இருந்தால் மென்பொருள் சேமிக்கவே விடாது. படம், வார்ப்புரு, வெளியிணைப்பு எதுவும் கூடாது. அரக்கு நிறம் வெள்ளைப் பின்னணியில் நன்றாகத் தெரியும். இருள் பயன்முறையில் படிப்பவருக்கு மங்கிவிடும். கொஞ்சம் வெளிறிய சிவப்பாகப் பாருங்கள்.

கையொப்ப நிரலின் நீள எல்லை 255 எழுத்துக்குறிகள். தமிழில் இது கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கணக்கு அல்ல. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். ‘கெடிலக்கரை’ பார்வைக்கு 6 எழுத்து, கணினிக்கு 10. கணக்குப்பெயர் இரண்டு இடத்தில் வருவதால், நீண்ட தமிழ்ப் பெயரோடு நிறத்தையும் சேர்த்தால் இடம் சட்டென்று தீர்ந்துவிடும்.

கையொப்பப் பெட்டிக்குள் அலைக்குறி (~) போடாதீர்கள். அது பேச்சுப் பக்கத்தில் போடுவது. மூன்று போட்டால் பெயர் மட்டும், ஐந்து போட்டால் நேரம் மட்டும், நான்கு போட்டால் இரண்டும் வரும். அந்த நேரம் ஒருங்கிணைந்த சர்வதேச நேரம். கடலூரில் இரவு 8 மணிக்கு எழுதியது 14:30 என்று விழுந்தால் பதற வேண்டாம்.

இனி அறிவிப்பு. விளிக்கப்படுபவரின் பயனர் பக்க இணைப்பும் உங்கள் நான்கு அலைக்குறிகளும் ஒரே சேமிப்பில் போக வேண்டும். கையொப்பத்தை அடுத்த தொகுப்பில் சேர்த்ததால்தான் அறிவிப்பு போகவில்லை. அந்தப் பழைய வரியை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. கீழே புதிய வரி எழுதி, மறுபடி விளித்து, அப்போதே கையொப்பமிடுங்கள். பதிலளிக்கும் கருவி வழியாக எழுதினால் கையொப்பத்தை அதுவே போட்டுவிடும்.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெயர்தான். பக்க வரலாற்றில் உங்கள் ஆங்கிலக் கணக்குப்பெயர்தான் இருக்கும். பேச்சுப் பக்கத்தில் ‘கெடிலக்கரை’யோடு விவாதித்தவர் வரலாற்றைத் திறந்தால், தொகுத்தவரும் நீங்களும் ஒருவரே என்று எப்படிக் கண்டுகொள்வார்? ஏரியின் பரப்பளவை மாற்றியது யார் என்று தேடும் புதியவர் அங்கே திணறிப்போவார். இரண்டு பெயரையும் கையொப்பத்தில் காட்டுங்கள். இல்லையென்றால் கணக்குப் பெயர்மாற்றத்துக்கே விண்ணப்பியுங்கள். தமிழ்ப் பெயர் கிடைக்கும், உங்கள் பங்களிப்புகளும் அதோடு வந்துவிடும். பெயர் மாறியதும் கையொப்ப நிரலில் உள்ள இரண்டு இணைப்புகளையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

சேமித்ததும், சோதனைக்கென உள்ள மணல்தொட்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இட்ட கையொப்பங்கள் தாமாக மாறாது, சேமிக்கும் நொடியிலேயே உரையாகப் பதிந்துவிட்டவை அவை.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து