யானை பொய்யா, ‘அப்பா வீட்டில் இல்லை’ பொய்யா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. எங்கள் தெருமுனைக் கிளை நூலகத்துக்கு ராத்திரியில் யானை, கரடி, அணில் எல்லாம் வந்து புத்தகம் படிப்பதாகத் தினமும் கதை விடுகிறாள். வகுப்பிலும் இதே பேச்சு என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். போன வாரம் வசூலுக்கு வந்த ஃபைனான்ஸ்காரரிடம் ‘அப்பா வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொன்னால், ‘யானையை லைப்ரரியில் விடப் போயிருக்கிறார்’ என்று சேர்த்துச் சொல்லி மானத்தை வாங்கிவிட்டாள். ‘இனி பொய் சொல்ல மாட்டேன்’ என்று 50 தடவை எழுத வைத்தேன். டாக்டரிடம் காட்டலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஃபைனான்ஸ்காரர் விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ‘அப்பா இல்லை’ என்று சொல்லச் சொன்னது நீங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுத்த நீங்களே நோட்டையும் கொடுத்து 50 தடவை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். என்ன நியாயம் அம்மா இது?

யானைக் கதையால் யாரும் ஏமாறப் போவதில்லை. காக்கா வடையைத் தூக்கிப் போனதையும் நரி பாடச் சொன்னதையும் சோறு ஊட்டும்போது நாம்தானே சொன்னோம்? அது கதை என்று 6 வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா உள்ளே இருக்கும்போது இல்லை என்று சொல்வதுதான் அவளுக்குத் தெரியாத வேலை. வாய் வராமல், தனக்குப் பழகிய யானையைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்றே நினைக்கிறேன்.

கடன் வாங்குவது குற்றமில்லை. தவணை தவறாத வீடு எது? ஆனால் பச்சைப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுத் தகப்பன் உள்ளே ஒளியக் கூடாது. வீட்டுக்கு வருகிற அவமானத்தைப் பெரியவர்கள்தான் முன்னால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை அவரே போய் அவகாசம் கேட்கட்டும். ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனம் என்றால், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. மிரட்டினால் புகார் கொடுங்கள்.

டாக்டர் வேண்டாம். கதையை நினைத்து அவளே பயந்தால், தூக்கம் கெட்டால், மற்ற பிள்ளைகளோடு சேராமலே இருந்தால் மட்டும் காட்டுங்கள். மிஸ்ஸை நேரில் பாருங்கள். வகுப்பின் முன்னால் ஒருநாள் முழுக் கதையையும் சொல்ல விடுங்கள் என்று கேளுங்கள்.

அந்த நூலகத்துக்குள் அவளை எப்போதாவது கூட்டிப்போனீர்களா? கடிதத்தில் காணோம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது; சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகள் பிரிவுக்குள் பெரிய மரத்தையே செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் நூலகத்துக்குள் மரம் வைக்கலாம், உங்கள் மகள் யானையைக் கூட்டிவரக் கூடாதா? இந்த வாரமே அவள் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள்.

அதற்கு முன்னால், அந்த 50 வரிக்காக அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் போய்ப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.